நாலாம் சைலோவில் ஓடும் நேரம்

அத்தியாயம் 7

கொக்கியின் இடுப்பு காலையிலிருந்தே வலியெடுத்துக் கொன்றுகொண்டிருந்தது. வாலிபத்தில் தொடங்கி நாற்பது தாண்டும் வரை முதுகில் மூட்டை, அதன் பிறகு துப்பறியும் தொழில். தொழில் மாறிய செய்தி இடுப்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. ஈரக்காற்று அடித்தால் போதும், அந்தக் காலத்து மூட்டைகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் கையில் இருந்ததால் வந்த பெயர் அது. இப்போது ஆட்களைப் பேச்சில் மாட்டி இழுக்கிறார். பெயரை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

“மாமா, தைலம் தடவணுமா? இல்ல, நானே ஏறி ரெண்டு மிதி மிதிச்சு விடட்டுமா?”

மச்சினன்தான். மனைவியின் தம்பி. அக்கா கல்யாணத்தன்று பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவன், பெட்டியை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் போக மறந்துபோனான். அன்றிலிருந்து உதவியாளன்.

“நீ வாயை மூடிக்கிட்டு நட, மாப்ளே. அதுவே பாதி வைத்தியம்.”

இருவருக்கும் முன்னால் அந்தப் பெண் நடந்துகொண்டிருந்தாள். தானியக் கிடங்கின் அலுவலகத்தில் கணினி வேலை. ஆட்கள் அவளைப் பெட்டியக்கா என்பார்கள். கணினித் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளை இழுத்து ஒன்றோடொன்று கோர்ப்பாள். அது நடந்தால் இது நடக்கட்டும் என்று சொல்லிவைப்பாள். அதன்பின் இயந்திரம் தானாகச் செய்துகொள்ளும். இதற்காக அவள் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை, ஒரு வரி நிரல் எழுதத் தெரியாது. இழுக்கத் தெரியும், கோர்க்கத் தெரியும்.

அவளுடைய தம்பி, வீட்டில் சின்னவன், இதே கிடங்கில் கூலியாள். பதினோரு நாளாக ஆளைக் காணோம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவனை வளர்த்தது இவள். போலீசில் சொன்னதற்கு, முந்தின ராத்திரி அக்கா தம்பிக்குள் சண்டையாமே, கோபத்தில் போயிருப்பான், செலவுக்குக் கை காய்ந்ததும் தானே வருவான் என்று அனுப்பிவிட்டார்கள்.

“சண்டை எதுக்கும்மா?” என்று கொக்கி நேற்றே கேட்டார்.

“வீட்டு விஷயம் சார்.” அவ்வளவுதான் சொன்னாள்.

கிடங்கு என்றால் வீட்டுக் கிடங்கு இல்லை. நாலு மாடி உயரத்துக்குத் தகர உருளைகள் வரிசையாக நின்றன. சைலோ என்பார்கள். மேலே வாய், கீழே வாய். மேலே கொட்டுவார்கள், கீழே உருவுவார்கள். உள்ளே மக்காச்சோளம். அதன் தூசி மரத்தில், கயிற்றில், மனிதனின் புருவத்தில் எல்லாம் மஞ்சளாகப் படிந்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கொக்கியின் இடுப்பு இன்னொரு முறை சுண்டியது.

வாசலில் அவள் நின்றாள். “உள்ள யார் நடந்தாலும் செல்போன்ல எங்க ஆப் ஓடணும். அது இங்க சட்டம். உங்க ரெண்டு பேரையும் தற்காலிக ஆட்கள்னு சேர்த்திருக்கேன். பச்சைப் பொத்தானை அழுத்துங்க, நேரம் ஓட ஆரம்பிக்கும். வேலை முடிஞ்சா சிவப்பு.”

“எனக்கும் சம்பளம் உண்டா?” என்றான் மச்சினன், அழுத்திக்கொண்டே.

“வேலை செஞ்சா உண்டு.”

“அப்போ இல்லைன்னு சொல்லுங்க.”

அவள் சிரிக்கவில்லை. பதினோரு நாளாகச் சிரிக்காத முகத்தில் சிரிப்புக்கான மடிப்புகூட அழிந்திருந்தது. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான்.

முதலில் ஆட்கள் உடை மாற்றும் அறை. சுவரோரம் ஒரு நீள அலமாரி. ஒவ்வொரு கண்ணிலும் ஒரு எண், அதே எண் பூட்ஸின் பின்குதியிலும் இருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்ஸ் மாட்ட வேண்டும். போகும்போது திருப்பி.

சின்னவனின் அலமாரிக் கண்ணில் பூட்ஸ் இல்லை. ஒரு ஜோடி செருப்பு இருந்தது. ஒரு வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது.

“இது நான் குத்தின ஊக்கு,” என்றாள் அவள்.

மேனேஜர் பின்னாலேயே வந்துவிட்டார். இஸ்திரி கலையாத சட்டை. தூசிகூட அவரிடம் மரியாதையாக நடந்துகொண்டது. “இதைப் போலீஸ்கிட்டயும் சொல்லிட்டேன் சார். கம்பெனி பூட்ஸைப் போட்டுக்கிட்டு ஓடிட்டான். பூட்ஸ் திருட்டு.”

“பூட்ஸ் திருடினவன் செருப்பை அழகா ஜோடி சேர்த்து வச்சுட்டுப் போயிருக்கான்,” என்றான் மச்சினன். “நாகரிகமான திருடன். எங்க தெருவுல ஒருத்தரும் இப்படி இல்ல சார்.”

“முந்தின நாள் சாயங்காலம் போட்டுக்கிட்டுப் போயிருப்பான்.”

கொக்கி அந்தப் பெண்ணைப் பார்த்தார். “முந்தின ராத்திரி வீட்டுக்கு எதைப் போட்டுக்கிட்டு வந்தான்?”

“இந்தச் செருப்புதான். காலைல விடியறதுக்கு முன்னாடி கிளம்பிப் போறப்போ வாசல்ல சத்தம் கேட்டுச்சு. ஊக்கு தரையில உரசுற சத்தம். நான் எழுந்திருக்கல. கோவத்துல படுத்தே கிடந்தேன்.”

“தூக்கத்துல கேட்ட சத்தத்தை எல்லாம் சாட்சின்னு வச்சா எப்படி?” என்றார் மேனேஜர். “வாங்க, மறுக்க முடியாத சாட்சி ஒண்ணு காட்டுறேன்.”

அவர்களை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். வழியில் கொக்கி ஒரு சுவரோரம் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார். தின்பதற்கு முன் செல்பேசியை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வேலை நேரத்தில் தின்றால் கூலி பிடிக்கும் இடங்களில் வளர்ந்த கை அது. யாரும் சொல்லாமலே அழுத்தும். மச்சினன் தன் பங்கு ரொட்டியோடு மாமா பங்கிலும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டான். அவன் எந்தப் பொத்தானையும் தொடவில்லை.

அலுவலகத்தில் மேனேஜர் திரையைத் திருப்பிவைத்தார். “இதுதான் எங்க டேட்டாபேஸ். யார் வந்தான், எங்க நின்னான், எத்தனை மணி நேரம், எல்லாம் இதுல. ஆப்ல இருந்து தானா வந்து விழும். மனுஷக் கை படாது. அதனால பொய்யும் படாது.” கோர்த்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்பது அவர் பேச்சில் வரவில்லை. அந்த நாளுக்குப் போனார். ஆட்கள் பெயர் வரிசையாக இருந்தது. சின்னவன் பெயர் இல்லை.

“வரல. வராதவன் எங்க காணாமப் போனான்னு எங்களைக் கேட்டா? அன்னைக்கு நாலாம் நம்பர் சைலோவோட உள்சுவரைச் சுரண்டிச் சுத்தம் பண்ண வேண்டியது அவன். அவன் வராததால சுத்தம் பண்ணாமலே நிரப்ப வேண்டியதாப் போச்சு. வெளிய லாரி வரிசையா நிக்குது, என்ன பண்றது?”

கொக்கி அந்தப் பெயர்களை மறுபடி மேலிருந்து படித்தார்.

“இன்னும் நம்பிக்கை வரலையா? இன்னைக்குப் பாருங்க.” மேனேஜர் பெருமையோடு இன்றைய நாளைத் தட்டினார். “இதோ நீங்க. வந்த நேரம், முடிச்ச நேரம். அச்சு மாதிரி. இதோ உங்க...” விரல் கீழே ஓடியது. மேலே வந்தது. “உங்க அசிஸ்டெண்ட் இன்னைக்கு வரலையா?”

“வந்திருக்கேனே சார்,” என்றான் மச்சினன். “இந்த மூக்கு இங்கதானே இருக்கு?”

“இதுல இல்லை.”

“அப்போ ரொட்டி தின்னது யாரு? என் ஆவியா? மாமா, இந்த ஆளு என்னை உயிரோட இருக்கும்போதே...”

“மாப்ளே,” என்றார் கொக்கி. குரல் தாழ்ந்திருந்தது. “நீ நிறுத்தலையா?”

“எதை?”

“பொத்தானை.”

மச்சினன் செல்பேசியை எடுத்துப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. “மறந்துட்டேன் மாமா.”

கொக்கி எழுந்தார். இடுப்பு வலி அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. “நிறுத்தினவன் பேர் இதுல விழுது. நிறுத்தாதவன் பேர் விழல. அப்படின்னா இந்தப் பட்டியல் யார் வந்தாங்கன்னு சொல்லல சார். யார் வேலையை முடிச்சாங்கன்னுதான் சொல்லுது. தங்கச்சி, ஆப்புக்குள்ள போம்மா. இந்த டேட்டாபேஸ் வேண்டாம். இப்போ யார் யாருக்கு நேரம் ஓடிக்கிட்டு இருக்குன்னு ஆப்பே காட்டுமா?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டினாள். விரல்கள் இரண்டு முறை தவறான எழுத்தில் விழுந்தன. அந்தப் பக்கத்தை இந்த அலுவலகத்தில் யாரும் திறப்பதில்லை. எல்லாம்தான் தானாக டேட்டாபேஸில் விழுகிறதே.

மதிய இடைவேளை. ஆட்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். ‘ஓடிக்கொண்டிருப்பவை’ என்ற தலைப்பின் கீழ் இரண்டே இரண்டு வரிகள்.

ஒன்று மச்சினன்.

இன்னொன்று சின்னவனின் பெயர். வேலை: சைலோ 4, உள்சுவர். தொடங்கியது பதினோரு நாளுக்கு முன், விடியற்காலை. நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிடம் கூடியது.

“இது நெட்வொர்க் கோளாறு,” என்றார் மேனேஜர். சட்டை இப்போதுதான் கலைந்தது. “இந்த மாதிரி தப்பெல்லாம் வரும். முதல்ல அதை நிறுத்துங்க. அழிச்சிருங்க.” கை மவுஸை நோக்கி நீண்டது.

அந்தக் கையின் மேல் கொக்கியின் கை விழுந்தது. மூட்டை தூக்கிய கை. “தொட்டீங்கன்னா விரல் எண்ண வேண்டியிருக்கும். மாப்ளே, தீயணைப்புக்குப் போன் போடு. அப்புறம் போலீஸுக்கு.”

நாற்காலி கீழே விழுந்தது. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

நாலாம் சைலோ நிரம்பி நின்றது. அவள் அதன் தகரத்தில் இரண்டு கையாலும் அறைந்தாள். சின்னவனே, சின்னவனே என்று கத்தினாள். உள்ளே நிறைய இருந்தால் தகரம் கிண்ணென்று ஒலிக்காது. மண்ணில் அடித்தது போல் மொத்தென்றது. சாப்பிட உட்கார்ந்த ஆட்கள் சோற்றுக் கையோடு வந்து நின்றார்கள். ஒருவன் ஓடிப்போய்க் கடப்பாரை எடுத்துவந்தான். கடப்பாரையால் ஆகிற காரியமா அது.

கட்டுப்பாட்டு அறை பக்கத்திலேயே இருந்தது. தானியம் ஏற்றும் பட்டையை ஓடவிடும் ஆபரேட்டர் வாசலில் நின்றிருந்தார். நரைத்த மனிதர். கொக்கி அவர் முன்னால் போய் நின்றார்.

“பொத்தானை அமுக்குறதுக்கு முன்னாடி பார்க்க மாட்டீங்களா?”

“பார்த்தேன்.” அவர் உள்ளே இருந்த திரையைக் காட்டினார். “என் பிள்ளைங்க மேல ஆணை, பார்த்தேன். ஆபீஸ் டேட்டாபேஸ்ல இருந்துதான் என் ஸ்கிரீனுக்கும் வரும். உள்ள ஆள் இறங்கியிருந்தா என் ஸ்கிரீன்ல அந்த சைலோ சிவப்பா நிக்கும். பேரோட நிக்கும். ஆள் ஏறி வந்து நிறுத்துனாத்தான் பச்சையாகும். அன்னைக்கு நாலாம் சைலோ பச்சையாத்தான் இருந்துச்சு. காலியா இருந்துச்சு. நான் அமுக்கினேன்.”

“கூப்பிட்டுப் பார்க்கலையா?”

“பட்டை ஓடுற சத்தத்துல யாரு கூப்பிட்டா யாருக்குக் கேக்கும்?” அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். “முன்னெல்லாம் மேல கயிறு பிடிக்க ஒரு ஆள் நிப்பான். உள்ள ஒருத்தன், மேல ஒருத்தன். கயிறு ஒரு இழு இழுத்தா மேல இருக்கறவனுக்குத் தெரியும். இந்த ஸ்கிரீன் வந்ததும் அந்த ஆளை எடுத்துட்டாங்க. பச்சை சிவப்பு காட்டுது, அப்புறம் எதுக்கு இன்னொரு கூலின்னு.”

மச்சினன் மாமாவின் காதருகில் வந்தான். முகத்தில் வழக்கமான கள்ளச் சிரிப்பு இல்லை. “மாமா, ஒண்ணு இடிக்குது. நிறுத்தினாத்தான் டேட்டாபேஸ்ல விழும்னா, உள்ள இருக்கறவன் எப்பவுமே சிவப்பாத் தெரிஞ்சிருக்கக் கூடாதே. இவரு தெரியும்னு சொல்றாரே?”

கொக்கிக்கும் அதே இடத்தில்தான் முள் குத்திக்கொண்டிருந்தது. முன்பு தெரிந்தது. அன்று தெரியவில்லை. நடுவில் யாரோ எதையோ மாற்றியிருக்கிறார்கள்.

தீயணைப்பு வண்டிகள் வந்தன. பக்கத் தகரத்தை அறுத்தார்கள். அறுத்த வாய் வழியாக மக்காச்சோளம் மஞ்சளாகச் சரிந்தது, தரையில் குன்றாக ஏறியது, ஆட்கள் மண்வெட்டியால் தள்ளத் தள்ள மறுபடி ஏறியது. கிடங்கின் ஆட்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பிடித்து இழுக்க ஒன்றுமில்லாத வேலை அது. தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அவள் ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் மடிக்கணினி. அந்த ஓடும் வரி அணையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் இரண்டு முறை அருகில் வந்தார். மச்சினன் இரண்டு முறையும் குறுக்கே போய் நின்றான். சண்டைக்குப் பயப்படுகிறவன்தான். அன்றைக்கு நின்றான்.

கொக்கி மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “தங்கச்சி. அந்தக் கோர்வையை யாராவது மாத்தினாங்களா?”

அவள் தலையைத் தூக்கவில்லை.

“எங்க சண்டை எதுக்குன்னு கேட்டீங்கல்ல சார்.”

“ம்.”

“முன்னாடி நான் கோர்த்தது வேற மாதிரி. பச்சையை அமுக்கினா ஒரு வரி விழும். சிவப்பை அமுக்கினா இன்னொரு வரி விழும். ஒரு ஆளுக்கு ரெண்டு வரி. முதல் வரியில மணிக்கணக்கு இருக்காது, காலியா இருக்கும். சம்பளம் கூட்டுறப்போ அந்தக் காலி வரியால சில பேருக்குக் கணக்கு உதைச்சுது. நாள் குறைஞ்சு போச்சு. எல்லாரும் சின்னவனைப் பிடிச்சுக்கிட்டாங்க. உங்க அக்கா போட்ட பெட்டி எங்க வயித்துல அடிக்குதுடான்னு. சாப்பிடக் கூப்பிட மாட்டேங்கறாங்களாம். வீட்டுக்கு வந்து கத்தினான். ஏதோ பெரிய படிப்புப் படிச்ச மாதிரி எதுக்குக்கா இந்த வேலை உனக்குன்னு கேட்டுட்டான். நான் கை ஓங்கிட்டேன்.”

மக்காச்சோளம் சரியும் சத்தம் மழை போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவன் சாப்பிடாமப் படுத்தான். நான் உட்கார்ந்து சரிபண்ணினேன். அவனுக்காகத்தான் பண்ணினேன் சார். ஆரம்பிக்கிறப்போ விழுற அந்தக் காலி வரியை எடுத்துட்டேன். நிறுத்தினா மட்டும் விழட்டும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. சுத்தமா இருந்துச்சு. நாளைக்குப் பசங்க முன்னாடி தலை நிமிர்ந்து நிப்பான்னு நினைச்சேன். ஆபரேட்டர் ஸ்கிரீன் அந்தக் காலி வரியைப் பார்த்துத்தான் சிவப்பு காட்டுதுன்னு... அதையும் நான்தான் கோர்த்தேன் சார், போன வருஷம். நான் கோர்த்தது எனக்கே ஞாபகம் வரல.”

மச்சினன் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

அந்தி மங்கும்போது மண்வெட்டிகள் நின்றன. யாரும் கத்தவில்லை. முதலில் தெரிந்தது பூட்ஸின் பின்குதி; அதில் எண். ஆட்கள் கையாலேயே தானியத்தை விலக்கினார்கள். அவனைத் தூக்கி வந்து கிடத்தியபோது மடக்கிய கைகள் முகத்துக்கு முன்னால் இருந்தன. பையில் செல்பேசி இருந்தது. அது என்றைக்கோ அணைந்துவிட்டது. நேரம் ஓடியது வேறெங்கோ.

அவள் அவன் தலைமயிரிலிருந்து தானியத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்கும் வரை போலீஸ்காரர்கூடக் காத்திருந்தார். பிறகு அவர் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, “இனி நிறுத்தலாம்மா,” என்றார்.

திரையில் சிவப்புப் பொத்தானை அவள்தான் அழுத்தினாள். அவள் கோர்த்தது கச்சிதமாக வேலை செய்தது. கண் இமைப்பதற்குள் அலுவலகத்து டேட்டாபேஸில் புதிதாக ஒரு வரி விழுந்தது. பெயர், சைலோ 4, வந்த நேரம், முடித்த நேரம்.

“வந்தான் பாருங்க,” என்றாள் மேனேஜரைப் பார்த்து.

மேனேஜர் போலீஸ்காரரை ஓரமாக அழைத்துப்போனார். “அந்தப் பொண்ணேதான் சார் மாத்தியிருக்கு. எங்க யாரையும் கேக்கல,” என்பது இவர்களுக்கும் கேட்டது. கொக்கி அங்கே போய் நின்று, கயிறு பிடிக்கும் ஆளை எடுத்தது யார், கேட்காமல் மாற்ற முடிகிற ஒன்றின் மேல் ஒரு உயிரைத் தொங்கவிட்டது யார் என்று நாலு பேர் காதுபடக் கேட்டார். ஆபரேட்டர் எழுந்து வந்து, நான் சாட்சி சொல்றேன் என்றார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். மேனேஜரை வண்டியில் ஏறச் சொன்னார்.

துப்பறியும் வேலை அத்தோடு முடிந்தது. வழக்கமாக இந்த இடத்தில் மச்சினன் ஏதாவது சொல்வான். அன்று சொல்லவில்லை.

கொக்கி அவளிடம் திரும்பி வந்தார். “கேட்டியாம்மா? கயிறு பிடிக்க ஒரு ஆள் இருந்திருந்தா உன் தம்பி ஏறி வந்திருப்பான். அதை எடுத்தது அவங்க.”

“ஆமாண்ணே. ஆளை எடுத்தது அவங்க. ஆளுக்குப் பதிலா ஸ்கிரீன் போதும்னது அவங்க.” முதல் முறையாக அண்ணே என்றாள். “அந்த ஸ்கிரீனோட கண்ணைப் பிடுங்கினது யாரு?”

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தார்.

“ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுங்கன்னுதான் உங்ககிட்ட வந்தேன். கண்டுபிடிச்சுட்டீங்க. இன்னொண்ணும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம். யோசிச்சு, உண்மையைச் சொல்லுங்க. அவனைக் கொன்னது நானா?”

மச்சினன் மாமாவைப் பார்த்தான். இல்லைன்னு சொல்லுங்க மாமா, சட்டுன்னு சொல்லுங்க என்று அவன் கண் கெஞ்சியது. இல்லை என்பது ஒரு சின்னச் சொல். கொக்கி அதை வாய் வரைக்கும் கொண்டுவந்தார். அவள் கண்ணைப் பார்த்தார். ஆறுதலுக்குச் சொல்வதை அடையாளம் கண்டுகொள்கிற கண் அது.

“நாளைக்கு வீட்டுக்கு வர்றேம்மா. வந்து சொல்றேன்.”

மறுநாள் போனார். அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகும் போனார். போன வாரம்கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள், எதிரே உட்கார்ந்தாள், காத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு பதில் தர வேண்டியிருக்கிறது. கொக்கி இன்னும் தரவில்லை.